கண்ணொளி இழந்தும் ஆய்வைக் கைவிடாத பேராசிரியர் பிளாற்றோ

சிறுவர் ஊதிவிடும் சவர்க்காரக் குமிழி ஏன் எப்போதும் உருண்டையாகவே அமைகின்றது? இத்தகைய கேள்விகளுக்கு விடை காண்பதில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் பெல்ஜிய நாட்டுப் பௌதிக அறிஞர் யோசேப் பிளாற்றோ. அவ்வாராய்ச்சியின் பெரும்பகுதியை அவர் நடத்தியதோ இரு கண்களும் பார்வையிழந்த பின்னராகும்.

பிளாற்றோ 1801ஆம் ஆண்டு ஒக்ரோபர் 14ஆம் திகதி பிரசல்ஸ் நகரில் பிறந்தார். தந்தையார் மலர்களை வரைவதில் வல்ல ஓவியர். பதினான்கு வயதிலேயே பெற்றோர் இருவரையும் இழந்த சிறுவனைச் சட்டத்தரணியான மாமனார் பொறுப்பேற்று வளர்த்தார். லியேஜ் பல்கலைக்கழகத்தில் கற்று 1829இல் கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், 1835இல் கென்ற் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1832இல் அவர் அமைத்த சுழலும் படவட்டு, பிற்காலச் சினிமாவுக்கு ஒரு முன்னோடியாயிற்று.

1829இல் ஒரு பரிசோதனைக்காக அவர் ஏறத்தாழ 25 விநாடிகள் சூரியனை நேராகப் பார்த்திருந்தார். பின்னர் கண்நோய் கண்டு, 1843இல் பார்வை முற்றாக மறைந்தது. சூரியனே காரணமென அவர் நம்பினார். கண்ணின் உட்பகுதியில் ஏற்பட்ட அழற்சியே காரணமாயிருக்கலாமெனப் பிற்கால மருத்துவர் கருதுவர். எவ்வாறாயினும், சூரியனை வெறுங்கண்ணால் பார்ப்பது ஆபத்தென்பதைப் பிள்ளைகள் மறத்தலாகாது.

அப்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டுதான். வீட்டில் மனைவியும் கைக்குழந்தைப் பருவம் கடவாத மகனும் இருந்தனர். ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. செய்யவேண்டிய பரிசோதனையை மனத்தில் ஒழுங்குபடுத்திச் சொல்வார். குடும்பத்தவரும் சக ஆசிரியரும் அதைச் செய்து, கண்டதைக் கண்டவாறே கூறுவர். விவிலியத்தில் பார்வையிழந்த தோபித்துவுக்கு மகன் தோபியா உதவியதுபோல, மகன் பெலிக்சும் வளர்ந்தபின் தந்தைக்குக் கண்ணாயிருந்தார். மருமகனும் துணைநின்றார்.

திரவத்தின் உள்ளே ஒவ்வொரு மூலக்கூறும் நாற்புறமும் உள்ள அயல் மூலக்கூறுகளால் சமமாக இழுக்கப்படுகின்றது. மேற்பரப்பில் உள்ளவையோ உள்நோக்கியே இழுக்கப்படுகின்றன. ஆகவே மேற்பரப்பு இயன்றளவு சுருங்க முயல்கின்றது. இதுவே மேற்பரப்பிழுவிசை. ஒரே கனவளவுள்ள உருவங்களுள் மிகக் குறைந்த மேற்பரப்புடையது கோளம். பூமியின் ஈர்ப்பு இதனை நம் கண்ணுக்கு மறைத்துவிடுகின்றது. பிளாற்றோ நீரையும் மதுசாரத்தையும் கலந்து, ஒலிவ் எண்ணெயின் அடர்த்திக்குச் சமமாக்கினார். அதனுள் விட்ட எண்ணெய் மிதக்கவுமில்லை, தாழவுமில்லை. அழகிய கோளமாக நின்றது.

பின்னர் கம்பிச் சட்டங்களைக் கிளிசரின் சேர்த்த சவர்க்கார நீரில் தோய்த்தெடுத்து, அவற்றில் உண்டாகும் மென்படலங்களை ஆராய்ந்தார். எங்கும் மூன்று படலங்களே ஒரு விளிம்பில், ஒன்றோடொன்று 120 பாகைக் கோணத்தில் சந்திக்கின்றன. அத்தகைய நான்கு விளிம்புகளே ஒரு புள்ளியில் கூடுகின்றன. மூலக்கூற்று விசைகளுக்கு மட்டும் உட்பட்ட திரவங்களைப் பற்றிய அவரது பெருநூல் 1873இல் இரு பாகங்களாக வெளிவந்தது. அவர் கண்ட அவ்விதிகளை அமெரிக்கக் கணித அறிஞர் ஜீன் ரெய்லர் 1976இலேயே கணிதமுறையில் நிறுவினார்.

1883ஆம் ஆண்டு செப்ரெம்பர் 15ஆம் திகதி பிளாற்றோ கென்ற் நகரில் காலமானார். நாற்பது ஆண்டுகள் இருளில் வாழ்ந்தவர், படைப்பின் ஒழுங்கொன்றை உலகுக்குக் காட்டிச் சென்றார். அவரது உறுதியோடு, அவருக்காகப் பார்த்துச் சொன்ன அன்புள்ளங்களின் பொறுமையும் நம் நினைவிற்குரியது. நம் இல்லங்களிலும் இத்தகைய துணையை நாடி நிற்போர் உளரன்றோ?