ஸ்பினோசா மறுத்த பதவி

1656இல் அம்ஸ்ரர்டாம் யூத சபை, இருபத்துமூன்று வயதினரான ஸ்பினோசாவை விலக்கிவைத்தது. அவரோடு பேசுதலும் அவர் எழுதியதைப் படித்தலும் ஆகாவென விதித்தது. அவரோ நுணுக்குக்காட்டிக்கும் தொலைநோக்கிக்கும் வில்லை தேய்த்துச் சீவித்தார். 1670இல் பெயர் மறைத்து ஒரு நூல் வெளியிட்டார். இயற்கை நியதி பிறழாது, அற்புதம் எனப்படுவது காரணம் அறியப்படாத நிகழ்ச்சியே, கருத்துரைக்கும் உரிமையைப் பறிக்கும் அரசு தன் அமைதியையே குலைத்துக்கொள்ளும் என்பன அதன் துணிபுகள்.

இவற்றினும் நான் பெரிதாக மதிப்பது வேறொன்று. 1673இல் ஜேர்மனியின் ஹைடல்பேர்க் சர்வகலாசாலையிலிருந்து பேராசிரியப் பதவிக்கு அழைப்பு வந்தது. நாட்டுச் சமயத்தைக் கலக்காதவரை போதிக்கச் சுதந்திரம் உண்டாம். அச்சுதந்திரத்தின் எல்லை யாதெனத் தமக்கு விளங்கவில்லை என்றெழுதிப் பணிவுடன் மறுத்தார். சம்பளத்துக்குப் பாடஞ்சொல்லும் என்போன்றார்க்கு அவ்வெல்லை நன்கு விளங்கும்.

1674இல் ஒல்லாந்தில் அவர் நூல் தடைசெய்யப்பட்டது. 1677இல் அவர் இறந்தபின், மேசையில் இருந்த கையெழுத்துப் பிரதிகளை நண்பர்கள் அவ்வாண்டே அச்சிட்டனர்.