நேரு என்னும் பெயர்

குலப்பெயரைக் கேட்டே மனிதரை மதிக்கும் வழக்கம் நம் தேசத்தில் இன்னும் ஒழிந்தபாடில்லை. பண்டித மோதிலால் நேருவின் பெயர் வந்த வழியை அத்தகையோருக்கு நாம் நினைவூட்ட விரும்புகிறோம்.

அவருடைய முன்னோர் காஷ்மீரத்துக் கௌல் வம்சத்தினர். ஸம்ஸ்கிருதத்திலும் பாரஸீகத்திலும் வல்லவரான ராஜ கௌல், 1716-ஆம் ஆண்டையொட்டி மொகலாயச் சக்கரவர்த்தி பரூக்ஸியரின் ஆதரவில் டில்லிக்கு வந்தார். ஜாகீரோடு அவருக்குக் கிடைத்த வீடு கால்வாய்க் கரையில் இருந்தது. கால்வாயை அங்கே நஹர் என்பர். அதனால் கௌல்-நேரு என்றாகி, நாளடைவில் கௌல் உதிர்ந்து நேரு மட்டும் நின்றதென்பது அக்குடும்பத்தார் கூறும் வரலாறு.

ஜாகீர் தேய்ந்து மறைந்தது. டில்லியில் கொத்தவாலாக இருந்த கங்காதர நேரு, 1857-ஆம் வருஷத்துப் புரட்சியில் உடைமைகளை இழந்து ஆக்ராவில் குடியேறி, 1861-இல் காலமானார். மூன்று மாதங்களுக்குப் பின், மே 6-ந் தேதி, மோதிலால் பிறந்தார். தந்தையின் முகம் காணாத அக்குழந்தையைத் தமையனார் நந்தலால் வளர்த்தார்.

அலகாபாத்தில் வக்கீல் தொழிலால் பெருஞ்செல்வம் ஈட்டிய மோதிலால், ஒத்துழையாமையை ஏற்று 1920-இல் அத்தொழிலைத் துறந்தார். 1919-இலும் 1928-இலும் காங்கிரஸ் மகாசபையில் அக்கிராசனம் வகித்தார். 1930-இல் தமது மாளிகையைக் காங்கிரஸுக்கு அளித்துவிட்டுச் சிறை புகுந்தார். 1931 பிப்ரவரி 6-ந் தேதி காலமானார்.

சக்கரவர்த்தி தந்த ஜாகீர் அழிந்துவிட்டது. மோதிலால் தந்த மாளிகையோ ஸ்வராஜ் பவன் என்ற பெயருடன் நிற்கிறது. கால்வாய்க் கரையில் பிறந்த பெயருக்குக் கௌரவம் தேடித் தந்தது தியாகமேயன்றிக் குலமன்று. பெயரால் பெருமை கொள்வோர் இதைச் சிந்திப்பாராக.