ஸ்டியரிங்குக்கு அடியில் ராபர்ட் ஹூக்

ராபர்ட் ஹூக்கை பிளஸ் ஒன் பிசிக்ஸ்ல படிச்சிருப்பீங்க. எலாஸ்டிக் லிமிட் தாண்டாத வரைக்கும், எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவுக்கு ஏத்த மாதிரி ஸ்பிரிங் நீளும். மெக்கானிக்கல் எடுத்தவங்களுக்கு கினிமேட்டிக்ஸ் பேப்பர்ல ஹூக்ஸ் ஜாயின்ட்னு இன்னொரு தடவை வருவார். செமஸ்டர் முடிஞ்சதும் மறந்துடுவோம்.

இப்போ வீட்டில் நிற்கிற காரின் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, குனிந்து, பெடலுக்கு மேலே டார்ச் அடிச்சுப் பாருங்க. ஸ்டியரிங் காலத்திலிருந்து கீழே ரேக்குக்குப் போகிற தண்டு நேராகப் போகாது. வளைகிற இடத்தில் இரண்டு கவைகள், அவற்றுக்கு நடுவே சிலுவை மாதிரி ஒரு துண்டு இருக்கும். அந்த யுனிவர்சல் ஜாயின்ட்டுக்குத்தான் ஹூக்கின் பெயர். கார் என்ற ஒன்று வருவதற்கு இருநூறு வருஷம் முன்னாடியே அவர் அதைப் பற்றி எழுதிவிட்டார்.

1635 ஜூலை 18 அன்று, இங்கிலாந்துக்குத் தெற்கே ஐல் ஆஃப் வைட் தீவில், ஃப்ரெஷ்வாட்டர் என்ற ஊரில் பிறந்தார். அப்பா சர்ச்சில் குருவாக இருந்தவர். பையன் சீக்காளி. பிழைப்பானா என்பதே சந்தேகம் என்பதால் படிப்பை வற்புறுத்தாமல் விட்டுவிட்டார்கள். அவன் சும்மா இருக்கவில்லை. பழைய பித்தளைக் கடிகாரம் ஒன்றைப் பிரிப்பதைப் பார்த்துவிட்டு, மரத்திலேயே ஒன்று செய்தான். அது ஓரளவு ஓடவும் செய்தது!

பதிமூன்று வயதில் அப்பா இறந்துபோனார். லண்டனுக்கு வந்து பீட்டர் லெலி என்ற பெயர்பெற்ற ஓவியரிடம் கொஞ்ச நாள் இருந்தார். பெயின்ட் வாசனை தலைவலி கொடுத்ததால் அதை விட்டுவிட்டு வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் சேர்ந்தார். பதினாறு வயதுவாக்கில் முதுகு கூன ஆரம்பித்தது. லேத்தில் குனிந்து குனிந்து வேலை செய்ததுதான் காரணம் என்று அவரே நம்பினார்.

ஆக்ஸ்ஃபோர்டில் ராபர்ட் பாயிலுக்கு உதவியாளராகி, புகழ்பெற்ற அந்தக் காற்று பம்பைச் செய்து கொடுத்தார். 1662-இல் ராயல் சொசைட்டியில் வேலை கிடைத்தது. கூட்டம் நடக்கும்போதெல்லாம் புதுசு புதுசாகச் சோதனை செய்து காட்ட வேண்டும். வாரா வாரம் லேப் ரிவ்யூ இருக்குன்னு வெச்சுக்கோங்க, அதுவும் ஆயுசு முழுக்க! 1665-இல் மைக்ரோகிராஃபியா புத்தகம் வந்தது. உயிரியலில் செல் என்ற சொல் அதிலிருந்து வந்ததுதான். 1666-இல் லண்டன் தீயில் எரிந்தபோது, நகரத்தைத் திரும்ப அளந்து கட்டிய சர்வேயர்களில் அவரும் ஒருவர்.

இத்தனைக்கும் நடுவில்தான் அந்த ஜாயின்ட். வளையும் தண்டு என்ற யோசனைக்கு அவருக்கு முன்னாலும் ஆட்கள் உண்டு. இத்தாலியின் கார்டானோ பெயரால் அதை இன்றும் கார்டன் ஜாயின்ட் என்று சொல்கிறோம். ஹூக்குக்கு அது வானத்தைப் பார்க்கிற கருவிகளுக்காகத் தேவைப்பட்டது. 1670-களில் அதை விளக்கி எழுதும்போது முக்கியமான ஒன்றைக் கவனித்தார். ஒரு பக்கத்துத் தண்டைச் சீரான வேகத்தில் சுற்றினாலும், மறுபக்கம் சீராகச் சுற்றாது. அந்த ஏற்ற இறக்கம், சூரியக் கடிகாரத்தில் நிழல் ஒரு மணிக்கு வேகமாகவும் இன்னொரு மணிக்கு மெதுவாகவும் நகர்வதைப் போன்றதேதான். இரண்டுக்கும் ஒரே கணக்கு.

எண்ணில் பார்த்தால் புரியும். இரண்டு தண்டுகளுக்கு நடுவே கோணம் 30 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேக விகிதம் 0.866-க்கும் 1.155-க்கும் நடுவே, ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும். ஸ்டியரிங்கில் இப்படி நடந்தால், திருப்பும்போது ஒரு இடத்தில் லேசாகவும் இன்னொரு இடத்தில் கனமாகவும் இருக்கும். இதற்கும் ஹூக்கே வழி சொன்னார்: இரண்டு ஜாயின்ட் போடு, முதலாவது செய்யும் தப்பை இரண்டாவது சரிசெய்யட்டும். மூன்று தண்டும் ஒரே தளத்தில் இருந்தால், இரண்டு கோணமும் சமமாக இருக்க வேண்டும், நடுத்தண்டின் இரண்டு கவையும் ஒரே நேரில் இருக்க வேண்டும். நடுத்தண்டை 90 டிகிரி மாற்றிக் கோத்துவிட்டால் தப்பு கழியாது, கூடும். அதே 30 டிகிரியில் விகிதம் 0.75-க்கும் 1.33-க்கும் நடுவே அலையும்.

வீட்டில் ஸ்டியரிங் ஜாயின்ட்டைக் கழற்றி மாட்டும்போது இந்தக் கணக்குதான் நம்மைக் காப்பாற்றும். பல கார்களில் தண்டுகள் ஒரே தளத்தில் இருக்காது. அதனால் கவைகளைக் கம்பெனியே ஒரு குறிப்பிட்ட கோணத்தில் திருப்பி வைத்திருக்கும். கண் மதிப்பில் நேராக்கிவிடாதீங்க. கழற்றுவதற்கு முன்னாடி சக்கரங்களை நேராக வைத்து, ஸ்டியரிங்கை அசையாமல் கட்டி, தண்டிலும் ஜாயின்ட்டிலும் சேர்த்து பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்க. ஏர்பேக் உள்ள வண்டி என்றால் பேட்டரியைக் கழற்றி, மேனுவல் சொல்லும் நேரம் காத்திருக்கணும். ஜாயின்ட் கழன்ற பிறகு ஸ்டியரிங்கைச் சுற்றவே கூடாது, உள்ளே இருக்கும் சுருள் ஒயர் அறுந்துவிடும்.

மாட்டும்போது கோடும் கோடும் சேரணும். தண்டில் போல்ட்டுக்கென்று வெட்டிய பள்ளம் இருந்தால், போல்ட் அதற்குள் உட்கார்ந்ததா என்று பாருங்க. பள்ளம் விலகியிருந்தாலும் போல்ட் இறுகின மாதிரியே தெரியும், பிறகு ஓடும்போது தண்டு நழுவும். புது போல்ட் போடச் சொல்லியிருந்தால் புதுசுதான், இறுக்கம் டார்க் ரெஞ்ச் கணக்குப்படிதான். கையால் மடக்கும்போது ஜாயின்ட் கரகரவென்று சிக்கினாலோ ஆடினாலோ, கிரீஸ் தடவிச் சமாளிக்காமல் மாத்திடுங்க. கடைசியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ரோட்டுக்குப் போகும் முன் ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்க. பிரேக் மாதிரிதான் இதுவும், ஓடும்போது இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

ஹூக் தன் யோசனைகளுக்கும் இப்படிக் குறி வைத்துப் பார்த்தவர்தான். ஸ்பிரிங் விதியை 1676-இல் எழுத்துகளைக் கலைத்துப்போட்ட புதிராக அச்சிட்டார். முதலில் கண்டது நான்தான் என்று பிறகு நிரூபிக்கலாம் அல்லவா. விடையை 1678-இல் வெளியிட்டார். அங்கே அது பலித்தது. மற்ற இடங்களில் பலிக்கவில்லை. கடிகார ஸ்பிரிங்குக்காக ஹைகன்ஸோடு சண்டை. சூரியனின் ஈர்ப்பு தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்று நியூட்டனுக்குக் கடிதம் எழுதியிருந்தார், ஆனால் அதைக் கணக்காக நிரூபித்தவர் நியூட்டன். பங்கு கேட்டபோது பகைதான் மிஞ்சியது. யோசனை ஹூக்கிடம் இருந்தது, முடித்துக் கொடுக்க அவருக்கு நேரமே இருந்ததில்லை. அடுத்த வாரச் சோதனை எப்போதும் காத்திருந்தது.

கடைசி வருஷங்களில் உடம்பு தேய்ந்து, தனியாகவே இருந்தார். 1703 மார்ச் 3 அன்று இறந்தார். ஆயிரக்கணக்கான பவுண்டு பணம் அவர் பெட்டியில் இருந்தது. அதே வருஷம் நியூட்டன் ராயல் சொசைட்டித் தலைவரானார். ஹூக்கின் படத்தை நியூட்டன்தான் அழித்தார் என்று ஒரு கதை சுற்றும், அதற்குச் சான்று இல்லை. ஆனால் அவருடையது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரு படம்கூட இன்று கிடையாது என்பது உண்மை. 2006-இல், அவர் கையால் எழுதிய ஐநூறுக்கும் மேற்பட்ட பக்கங்கள் இங்கிலாந்தில் ஒரு வீட்டு அலமாரியிலிருந்து கிடைத்தன.

முகம் தெரியாத அந்த மனிதருக்கு, நீங்கள் ஒவ்வொரு முறை வண்டியைத் திருப்பும்போதும் கொஞ்சம் கடன்பட்டிருக்கீங்க. அடுத்த தடவை அந்த டெரிவேஷனை எழுதும்போது மார்க்குக்காக மட்டும் எழுதாதீங்க. அந்தக் கொசைன் தப்பினால் என்ன ஆகும் என்று இப்போ உங்களுக்குத் தெரியும்.