கண்ணப்பர் தனிவேட்டை

திருக்காளத்தியிற் குடுமித்தேவர்க்கு ஆறே நாளில் அன்பின் எல்லையைக் காட்டிய கண்ணப்ப நாயனார் வரலாற்றை அறியாத சைவர் இலர். ஆயினும், அவர் கண்ணிடந்தப்பிய செயலைப் போற்றும் நாம், அதற்கு முன்னைய நாட்களில் அவர் ஆற்றிய வேட்டையைப் பெரும்பாலும் எண்ணாது கடந்து விடுகின்றோம். இரண்டாங் குலோத்துங்கன் (1133–1150) காலத்துச் சேக்கிழார் பெருமான் அங்ஙனங் கடந்திலர்.

பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வேடர் தலைவன் நாகனுக்கும் தத்தைக்கும் முருகவேள் அருளாற் பிறந்தவர் திண்ணனார். தந்தை முதுமையெய்தித் தலைமையைக் கொடுப்ப, கன்னிவேட்டை புகுந்தார். வலை கட்டினர்; நாய்களை விட்டனர்; வேடர் பலர் சூழ்ந்து காட்டை எழுப்பினர். அந்நெருக்கிலும் சூல்கொண்ட பிணையை அலைத்தலும், குட்டிகளைக் கொல்லுதலும் அவர்பால் இல்லை என்பது கருதத்தக்கது. வலையைக் கடந்தோடிய பன்றியொன்றை நாணனும் காடனும் உடன்வரத் தொடர்ந்து, மலைச்சாரலில் அஃது இளைத்து நின்றவிடத்து உடைவாளால் வீழ்த்தினார். பொன்முகலியாறும், காளத்திமலையும், மலைமேல் இறைவனைக் கண்டதும் அதன் பின்னிகழ்ந்தன. மகனை மீட்க வந்த நாகனும் பயனின்றி மீண்டான்.

இனி, திண்ணனார் தனியர். இரவெல்லாம் வில்லேந்திக் காவல் நின்று, வைகறையில் இறைவர்க்கு ஊனமுது தேடி இறங்குவார். வலையில்லை, நாயில்லை, விலங்கை எழுப்பி எதிரே ஓட்டுவாரும் இல்லை. மலைச்சாரலில் மானை ஒருவனாய் நின்று பெறுதல் எளிதன்று. காலடியிற் கல்லொன்று உருளின் அது செவியேற்கும். கதிரெழுமுன் மேலிருந்து கீழிழியுங் காற்று, வெயிலேற ஏறக் கீழிருந்து மேலெழும். அம்மாற்றத்தை மறந்து நிற்பானது மணத்தை மான் அறிந்து மறையும். கண்ணுக்குத் தோன்றுவதன் முன்னே அது போய்விட்டிருக்கும்.

திண்ணனாரோ விலங்கின் இயல்பறிந்து அதனதற்கேற்ற வழி கொண்டார். கலைமானை அதன் குரல்போலக் குரல் கொடுத்துத் தம்பால் வரச்செய்து எய்தார். மரைகளை அடிச்சுவட்டின்வழியே மெல்லச் சென்று, துயில்கொண்டு கிடக்குமிடத்திற் கண்டு எய்தார். கடமைகளையோ விடாது தொடர்ந்து சென்று எய்தார். வெயில் முதிர வேட்டை முடிந்தது. பின் தீக்கடைந்து, ஊனைப் பதமுறக் காய்ச்சி, நாவிற் சுவை பார்த்துத் தேன் கலந்து கொணர்வார். உறக்கமும் இல்லை, தமக்கென ஓருணவும் இல்லை. சிவகோசரியார் ஆகமவழி ஆற்றிய பூசையின் தவத்திற்கு இத்தவம் குறைந்ததன்று என்பது எமது துணிபு. இவ்வரலாற்றைக் காட்டிப் புலாலுணவுக்கு அமைதி தேடுவாரும் உளர். அவர்க்கு விடைகூற இஃது இடமன்று.

ஆறாம் நாள், தீநிமித்தங் கண்டு விரைந்து வந்தவர் இறைவரது வலக்கண்ணிற் குருதி பெருகக் கண்டார். ஊனும் வில்லும் சிதறி வீழ்ந்தன. தேறியெழுந்து, இது செய்தார் வேடரோ விலங்கோ என அம்பு தெரிந்துகொண்டு மலையெங்கும் தேடினார். இருளிலும் அடிச்சுவடு பிரித்தறிந்து மரையின் கிடையைக் கண்ட அக்கண்கள் அன்று ஓரடிச்சுவடும் கண்டில. ஊறுசெய்தாரும் இல்லை, சுவடும் இல்லை. வேட்டுவன் கல்வி முழுதும் அவ்விடத்தே ஒழிந்தது. ஒழியவே, பச்சிலை தேடிப் பிழிந்து வார்த்தார், அதுவும் பயன்படவில்லை. பின்னரே, ஊனுக்கு ஊன் மருந்தாதலை நினைந்து, மானைத் தேடிய கண்ணையே அம்பினால் இடந்து அப்பினார். குருதி நின்றது.

இடக்கண்ணிலும் குருதி தோன்ற, அடையாளத்திற்குத் திருவடியை ஊன்றிக்கொண்டு மற்றைக் கண்ணிலும் அம்பை வைத்தார். சிவகோசரியார் மறைந்து நின்று காண, மானேந்தும் பெருமான் தமது திருக்கையாலே அவரது கையைப் பற்றித் தடுத்து, கண்ணப்பர் என்னும் பெயரால் அழைத்து, என்றும் தமது வலப்பால் நிற்க அருளினார்.