டானியேல் புவர்

டானியேல் புவர் (யூன் 27, 1789 - பெப்ரவரி 1855) அமெரிக்காவில் பிறந்து யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் பணியாற்றிய கிறித்தவ மதகுருவும் கல்வியாளரும் ஆவார். யாழ்ப்பாணத்துக்கு வந்த முதலாவது அமெரிக்க மிசன் குழுவைச் சேர்ந்தவர். வட்டுக்கோட்டை செமினறி என அறியப்பட்ட உயர்கல்வி நிறுவனத்தின் முதல் அதிபராக 12 ஆண்டுகள் பணியாற்றினார். குடாநாட்டு ஊர்களிலும் அதன் மேற்கே உள்ள தீவுகளிலும் இயங்கிய சிறு பள்ளிகளை அந்நிறுவனத்துடன் இணைத்து வளர்த்தமை இவரது பணிகளுள் முக்கியமானது. இவரது பெயர் தமிழில் பூர், பூவர் எனவும் எழுதப்படுவதுண்டு.

இளமையும் கல்வியும்

புவர் ஐக்கிய அமெரிக்காவின் மாசச்சூசெட்சு மாநிலத்திலுள்ள டான்வர்சு என்னும் ஊரில் பிறந்தார். டார்ட்மவுத் கல்லூரியில் கற்று 1811 இல் பட்டம் பெற்றார். பின்னர் அண்டோவர் இறையியல் கல்லூரியில் பயின்று 1814 இல் கல்வியை நிறைவு செய்தார். வெளிநாடுகளுக்கு மதகுருமாரை அனுப்புவதற்காக அமெரிக்க மிசன் சங்கம் 1810 இல் உருவாகியிருந்தது. அண்டோவர் மாணவர் பலர் அச்சங்கத்தின் பணிக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தனர். புவரும் அவர்களுள் ஒருவர். 1815 யூன் மாதத்தில் நியூபரிபோர்ட் நகரில் இவர் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அதே ஆண்டில் சூசன் பல்பிஞ்ச் என்பவரை மணந்தார்.

இலங்கை வருகை

அமெரிக்க மிசன் சங்கத்தைச் சேர்ந்த சாமுவேல் நியூவெல் 1813 இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணம் தமது சங்கத்தின் பணிக்கு ஏற்ற இடம் எனப் பரிந்துரைத்திருந்தார். கடலுக்கு அப்பால் தென்னிந்தியாவில் வாழும் தமிழர்களும் இதே மொழியைப் பேசுவதால், இங்கு பயிற்சி பெறுவோர் அங்கும் பணியாற்ற முடியும் என்பது அப்பரிந்துரைக்கு ஒரு காரணமாயிற்று. இதன்படி புவர், மெய்க்ஸ், றிச்சர்ட்ஸ், வாரன் ஆகியோர் 1815 அக்டோபர் 23 ஆம் நாள் டிரையட் என்னும் பாய்க்கப்பலில் நியூபரிபோர்ட்டில் இருந்து புறப்பட்டனர். ஐந்து மாதக் கடற்பயணத்தின் பின் 1816 மார்ச் 22 இல் கொழும்பை அடைந்தனர்.

அப்போது இலங்கையின் ஆளுநராக இருந்த றொபேர்ட் பிரவுன்றிக் இவர்கள் யாழ்ப்பாணத்தில் தங்குவதற்கு அனுமதி வழங்கினார். ஒல்லாந்தர் காலத்தில் கோயிற்பற்றுகள் தோறும் தேவாலயமும் அதனுடன் ஒரு பள்ளியும் இருந்தன. 1796 இல் ஆட்சி பிரித்தானியரிடம் சென்ற பின்னர் இப்பள்ளிகள் ஆதரவின்றி நலிவுற்றன. கைவிடப்பட்டுக் கூரையிழந்து கிடந்த தெல்லிப்பழை, வட்டுக்கோட்டைத் தேவாலயங்களும் அவற்றின் வளவுகளும் அமெரிக்கருக்குக் கிடைத்தன. புவரும் வாரனும் 1816 அக்டோபரில் தெல்லிப்பழையில் குடியேறினர்.

தெல்லிப்பழைப் பணிகள்

புவர் தெல்லிப்பழையில் தமிழ் கற்கத் தொடங்கினார். அவ்வாண்டு டிசம்பரில் அங்கு ஒரு பள்ளியும் திறக்கப்பட்டது. இன்றைய தெல்லிப்பழை யூனியன் கல்லூரி தனது தோற்றத்தை அப்பள்ளியில் இருந்தே கணக்கிடுகின்றது. சில ஆண்டுகளில் மாணவர் தங்கிப் படிக்கும் விடுதிப் பள்ளியும் ஏற்பட்டது. அமெரிக்காவிலிருந்து ஒரு மாணவனுக்குரிய செலவைப் பொறுப்பேற்றவர்கள், தாம் விரும்பிய பெயரை அவனுக்கு இடலாம் என்னும் வழக்கம் இருந்தது. கறோல், ஆர்னோல்ட், நெவின்ஸ், வைமன் போன்ற பெயர்கள் யாழ்ப்பாணத்துத் தமிழ் அறிஞர்களின் பெயர்களுக்கு முன்னால் நிற்பதன் காரணம் இதுவே.

பெற்றோர் தமது பிள்ளைகளை விடுதியில் சேர்க்கத் தயங்கினர். கிறித்தவரின் கூரையின் கீழ் உண்பது சாதி ஆசாரத்துக்குக் குறைவு எனக் கருதப்பட்டது. இதனால் சைவச் சமையற்காரரை அமர்த்தி, உணவுக்கென வேறு இடம் ஒதுக்க வேண்டியிருந்தது. தொடக்கத்தில் சேர்ந்த மாணவர்களுள் பெரும்பாலோர் வேளாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். சாதி வேறுபாடுகளை மிசன் ஏற்கவில்லை எனினும், நடைமுறையில் பல விட்டுக்கொடுப்புகளைச் செய்தது.

புவரின் மனைவி சூசன் 1821 மே மாதத்தில் காலமானார். 1823 இல் புவர் ஆன் நைட் என்பவரை மறுமணம் செய்தார். இவர் நல்லூரில் பணியாற்றிய ஆங்கிலேய மதகுரு யோசேப்பு நைட்டின் சகோதரி ஆவார்.

வட்டுக்கோட்டை செமினறி

1823 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தமிழ் இளைஞருக்கும் பிறருக்கும் உயர்கல்வி வழங்கும் கல்லூரி ஒன்றை அமைப்பதற்கான திட்டத்தை அமெரிக்க மிசன் வெளியிட்டது. குடியேற்ற அரசு அந்நிறுவனத்துக்குக் கல்லூரி என்னும் சட்டத்தகுதியை வழங்கவில்லை. அக்காலத்தில் எட்வேட் பாண்சின் நிருவாகம் புதிய அமெரிக்க மதகுருமார் நாட்டுக்குள் வருவதையும் தடை செய்திருந்தது. 1820 இல் வந்த அச்சுத்தொழிலாளர் காரெட் திருப்பி அனுப்பப்பட்டார். இத்தடை 1833 அளவிலேயே நீங்கியது.

இத்தகைய நிலையில் 1823 யூலை மாதத்தில் வட்டுக்கோட்டையில் உயர்தரப் பள்ளி தொடங்கியது. புவர் அதன் அதிபரானார். முதலில் மத்திய பள்ளி எனப்பட்ட இது பின்னர் செமினறி என்னும் பெயரைப் பெற்றது. அங்கு தமிழ் இலக்கணமும் இலக்கியமும், ஆங்கிலம், கணிதம், வானியல், வரலாறு, மெய்யியல், விவிலியம் ஆகியவை கற்பிக்கப்பட்டன. சமற்கிருதமும் பாடங்களுள் இடம்பெற்றது. நீதிபதி றிச்சர்ட் ஒட்லியின் ஆதரவை நினைவுகூரும் வகையில் அதன் பெரிய மண்டபத்துக்கு ஒட்லி மண்டபம் எனப் பெயரிடப்பட்டது.

வானியல் கல்வி தொடர்பில் 1829 இல் நிகழ்ந்த ஒன்று பரவலாக அறியப்பட்டது. அராலியைச் சேர்ந்த பஞ்சாங்க கணிதர் விசுவநாத சாத்திரியார் அவ்வாண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்து வெளியிட்டிருந்தார். அது தொடங்கும் நேரத்திலும், நீடிக்கும் காலத்திலும், மறைக்கப்படும் அளவிலும் புவரின் கணிப்பு வேறுபட்டது. கிரகணத்தன்று கூடிய மக்கள் முன்னிலையில் புவரின் கணிப்பே பொருந்தியது. புவர் இதனைச் சமய விவாதத்துக்கும் பயன்படுத்தினார். மேலைநாட்டு அறிவியலைக் கற்பதில் யாழ்ப்பாணத்தாரிடம் ஏற்பட்ட ஆர்வத்துக்கு இந்நிகழ்வும் ஒரு காரணமாகக் கூறப்படுகின்றது.

ஊர்ப் பள்ளிகளும் தீவகமும்

செமினறிக்கு மாணவரை வழங்கியவை ஊர்களில் இயங்கிய தமிழ்ப் பள்ளிகளே. மிசன் இப்பள்ளிகளைப் புதிதாகக் கட்டியெழுப்பியதை விட, ஏற்கெனவே இருந்த திண்ணைப் பள்ளி முறையைத் தழுவிக்கொண்டது எனலாம். ஊரிலுள்ள சட்டம்பியாரையே ஆசிரியராக நியமித்து, வரவுக்கும் தேர்ச்சிக்கும் ஏற்ப ஊதியம் வழங்கியது. ஆசிரியருள் பெரும்பாலோர் சைவர்கள். மாணவர் மணலில் எழுதிப் பழகிப் பின்னர் ஏட்டில் எழுதினர். மரபான நூல்களுடன் கிறித்தவ வினாவிடைகளும் மனனம் செய்விக்கப்பட்டன. 1830களின் நடுப்பகுதியில் மிசனின் எல்லா நிலையங்களுக்கும் உரிய இத்தகைய பள்ளிகள் நூற்றுக்கு மேற்பட்டிருந்தன.

வட்டுக்கோட்டை குடாநாட்டின் மேற்குக் கரையில் அமைந்துள்ளது. அதன் மேற்கே கடனீரேரிக்கு அப்பால் காரைதீவு உள்ளது. காரைநகர் என இன்று வழங்குவது இதுவே. தெற்கிலும் மேற்கிலும் வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியவையும், தொலைவில் நெடுந்தீவும் உள்ளன. ஒல்லாந்தர் இவற்றுக்குத் தமது நாட்டு நகரங்களின் பெயர்களை இட்டிருந்தனர். அவற்றுள் நெடுந்தீவுக்குரிய டெல்வ்ட் என்னும் பெயர் மட்டுமே பரவலாக நிலைத்தது. இத்தீவுகள் வட்டுக்கோட்டை நிலையத்தின் பணி எல்லைக்குள் அடங்கின. இன்றுள்ள வீதிகளும் பாலங்களும் அக்காலத்தில் இல்லை. வள்ளங்களிலும் தோணிகளிலுமே செல்ல வேண்டும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் கடற்பயணம் கடினமானது. ஒல்லாந்தர் காலப் பள்ளிகள் மறைந்த பின்னர், தீவகத்துப் பிள்ளைகளுக்குத் தம் ஊர்ச் சட்டம்பியாரிடம் பெறும் எழுத்தறிவுக்கு மேலான கல்வி எட்டாததாகவே இருந்தது.

புவர் இந்த இடைவெளியை நிரப்புவதற்குச் செமினறியின் மாணவரைப் பயன்படுத்தினார். உயர்வகுப்பு மாணவர் சிறு குழுக்களாகப் பிரிந்து அயலூர்களுக்குச் சென்றனர். விடுமுறைக் காலங்களில் தீவுகளுக்கும் சென்று பள்ளிகளைப் பார்வையிட்டனர், பிள்ளைகளைச் சோதித்தனர், சிறு நூல்களை வழங்கினர். கல்வி முடித்தோருள் சிலர் ஆசிரியராகவும் பள்ளி மேற்பார்வையாளராகவும் உபதேசியாராகவும் அமர்ந்தனர். ஊர்ப் பள்ளி ஆசிரியர்களும் குறித்த காலங்களில் நிலையத்துக்கு அழைக்கப்பட்டு வழிநடத்தப்பட்டனர். இவ்வாறு ஊர்ப் பள்ளியில் தேறியவன் செமினறிக்கு வருவதும், செமினறியில் கற்றவன் ஊர்ப் பள்ளிக்குத் திரும்பிச் செல்வதுமான ஒரு சுழற்சி உருவாயிற்று.

இதன் முதன்மை நோக்கம் சமயமாற்றமே. புவரும் அவரது உடன்பணியாளரும் இதனை மறைக்கவில்லை. ஆயினும் மக்கள் தமது தேவைக்கு ஏற்றவாறே இப்பள்ளிகளைப் பயன்படுத்தினர். பள்ளிக்குச் சென்றோருள் மிகப் பெரும்பான்மையோர் சைவராகவே இருந்து எழுத்தறிவை மட்டும் பெற்றுக்கொண்டனர்.

இம்முறையின் பலவீனம் 1837 இல் வெளிப்பட்டது. அமெரிக்காவில் அவ்வாண்டு ஏற்பட்ட பொருளாதார நெருக்கடியால் மிசன் சங்கத்தின் வருவாய் குறைந்து, யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்படும் பணம் வெட்டப்பட்டது. ஊர்ப் பள்ளிகளுட் பெரும்பாலானவை மூடப்பட்டு ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீடுகளுக்கு அனுப்பப்பட்டனர். பின்னர் நிலைமை ஓரளவு சீரடைந்தது. 1840களின் இறுதியில் யாழ்ப்பாணத் தமிழ்க் கிறித்தவர்கள் சுதேச நற்செய்திச் சங்கம் ஒன்றை அமைத்து, தமது சொந்தக் காணிக்கையைக் கொண்டு நெடுந்தீவுக்குப் பணியாளரை அனுப்பத் தொடங்கினர். வெளிநாட்டுப் பணத்தை நம்பியிராமல் தீவகப் பணியை உள்ளூராரே பொறுப்பேற்றமை குறிப்பிடத்தக்கது.

மதுரைப் பணி

அமெரிக்க மிசனின் மதுரை நிலையம் 1834 இல் யாழ்ப்பாணத்தில் இருந்து சென்றவர்களால் தொடங்கப்பட்டது. புவர் 1835 இல் செமினறிப் பொறுப்பிலிருந்து விலகி அங்கு சென்றார். செமினறியின் அதிபர் பொறுப்பை ஹொய்சிங்டன் ஏற்றார். அதே ஆண்டில் டார்ட்மவுத் கல்லூரி புவருக்கு இறையியல் முனைவர் என்னும் மதிப்புப் பட்டத்தை வழங்கியது. மதுரையில் இவர் 37 பள்ளிகளை நிறுவி அவற்றுக்கு முறைவைத்துச் சென்றுவந்தார். குதிரையில் அமர்ந்தவாறும் தெருக்களில் நின்றும் மக்களுடன் உரையாடுவது இவரது வழக்கம். செமினறியில் பயின்ற யாழ்ப்பாணத்து இளைஞர் சிலரும் மதுரை மிசனுக்கு உதவினர்.

இறுதிக் காலம்

1841 இல் புவர் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி மீண்டும் தெல்லிப்பழையில் பணியாற்றினார். அவ்வாண்டில்தான் உதயதாரகை இதழும் தொடங்கியது. 1848 இல் அமெரிக்கா சென்று மிசன் பணிகள் பற்றிப் பல இடங்களில் உரையாற்றினார். தாயகத்திலேயே தங்கிவிடாமல் 1851 அளவில் திரும்பி வந்து மானிப்பாயில் பணியேற்றார். 1855 இன் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் வாந்திபேதி நோய் பரவியது. அந்நோய்க்கு ஆளாகி பெப்ரவரி மாதத்தில் மானிப்பாயில் காலமானார். அப்போது இவருக்கு வயது 65.

செமினறி மூடப்படல்

புவர் இறந்த சில வாரங்களில் மிசன் சங்கத்தின் செயலாளர் றூபஸ் அண்டர்சன் தலைமையிலான தூதுக்குழு யாழ்ப்பாணம் வந்தது. ஆங்கிலம் கற்றவர்கள் அரச உத்தியோகத்தை நாடிச் செல்கின்றனர், ஊர்ச் சபைகளுக்குப் பயன்படுவோர் குறைவு என்பது அவர்களது குறைபாடாக இருந்தது. தாய்மொழி வழியாகப் போதகரையும் ஆசிரியரையும் பயிற்றுவதே மிசனின் கடமை என அண்டர்சன் கருதினார். இதன் விளைவாக 1855 இல் செமினறி மூடப்பட்டது. அதன் 32 ஆண்டுக் காலத்தில் 600 இற்கு மேற்பட்டோர் அங்கு கற்றிருந்தனர்.

இம்முடிவை யாழ்ப்பாணத்தார் பலர் ஏற்கவில்லை. பழைய மாணவரின் முயற்சியும் அமெரிக்க ஆதரவும் சேர்ந்து 1872 இல் அதே வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது.

மரபும் மதிப்பீடும்

செமினறியின் மாணவருள் சி. வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை ஆகிய இருவரும் 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாயினர். தாமோதரம்பிள்ளை பின்னர் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் பதிப்பித்தார். ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை 1886 இல் பாவலர் சரித்திர தீபகத்தை வெளியிட்டார். 1862 இல் வெளிவந்த வின்சுலோவின் தமிழ் - ஆங்கில அகராதிக்கும் செமினறியில் கற்றவர்கள் உழைத்தனர்.

மிசன் பள்ளிகளின் சமய நோக்கத்துக்கு எதிர்வினையாக ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பின்னர் சைவ அமைப்புகளும் கத்தோலிக்கத் திருச்சபையும் குடாநாட்டிலும் தீவகத்திலும் பள்ளிகளை நிறுவின. இவ்வாறு எழுந்த போட்டி பள்ளிகளின் தொகையைப் பெருக்கியது.

புவர் எதிர்பார்த்த அளவு சமயமாற்றம் நிகழவில்லை. அவர் உருவாக்கிய செமினறியும் அவர் இறந்த ஆண்டிலேயே மூடப்பட்டது. எனினும், உயர்கல்வி நிறுவனம் ஒன்று தன் வளவுக்குள் அடங்கிவிடாமல் எட்டாத ஊர்களிலும் தீவுகளிலும் உள்ள சிறு பள்ளிகளுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்னும் நடைமுறையை யாழ்ப்பாணத்தில் தொடக்கத்திலேயே நிலைநாட்டியவர் என்ற வகையில் இவர் இலங்கைத் தமிழர் கல்வி வரலாற்றில் இடம்பெறுகின்றார்.