செடி வைத்தியர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்

மனிதருக்கு வைத்தியர் உண்டு. ஆடு மாடுகளுக்கும் வைத்தியர் உண்டு. செடி கொடிகளுக்கு? வீட்டுத் தொட்டியில் உள்ள ரோஜாவின் இலை மஞ்சளித்தால் நம்மில் பலர் செய்வது ஒன்றே. ஒரு செம்பு தண்ணீர் கூடுதலாக ஊற்றுவோம். அதற்கும் தேறாவிட்டால் பிடுங்கி எறிந்துவிட்டு வேறு பதியன் வைப்போம். அந்தச் செடிக்கு என்ன நோய், அது எதனால் வந்தது என்று கேட்பவர் மிகச் சிலர். அப்படிக் கேட்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட ஒரு பெரியவரைப் பற்றி இங்கே எழுதப் புகுகிறோம்.

ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், டைமண்ட் குரோவ் என்ற ஊரின் அருகே ஓர் அடிமைத் தாயின் வயிற்றில் பிறந்தார். ஆண்டு 1864 ஆக இருக்கலாம். அடிமைக் குழந்தையின் பிறந்த நாளை யார் எழுதி வைத்தார்கள்? கைக்குழந்தையாக இருக்கும்போதே கொள்ளையர் தாயையும் பிள்ளையையும் தூக்கிச் சென்றனர். பண்ணை உரிமையாளர் மோசஸ் கார்வர் ஒரு குதிரையை ஈடாகக் கொடுத்துப் பிள்ளையை மட்டும் மீட்க முடிந்தது. தாய் திரும்பவேயில்லை. அடிமை முறை ஒழிந்த பின் மோசஸும் அவர் மனைவி சூசனும் ஜார்ஜையும் அவன் அண்ணனையும் தங்கள் வீட்டிலேயே வளர்த்தனர்.

ஜார்ஜ் நோஞ்சான் பிள்ளை. கக்குவான் இருமல் அவனை வாட்டியது. வயலில் இறங்கி உழைக்க உடம்பில் தெம்பில்லை. அதனால் வீட்டில் சூசன் அம்மையாருக்குத் துணையாகச் சமையலும் தையலும் கற்றுக்கொண்டான். மீதிப் பொழுதெல்லாம் காட்டில்தான். பூச்செடிகளுக்காக நேரத்தைப் போக்குவது அசட்டுத்தனம் என்று அந்த வட்டாரத்தார் நினைத்தமையால், புதர் மறைவில் யாருக்கும் தெரியாமல் ஒரு சிறு தோட்டம் போட்டான். அவன் கை பட்ட செடியெல்லாம் தழைத்தது. செய்தி பரவி, சுற்றுவட்டாரத்தார் வாடிய செடிகளை அவனிடம் கொண்டுவரலாயினர். செடி வைத்தியர் என்ற பட்டப்பெயரும் வந்தது. அப்போது அவனுக்கு எழுத்துக்கூட்டிப் படிப்பதே கடினம். தாவரவியல் என்ற சொல்லையே அவன் கேட்டதில்லை!

செடிக்கு வைத்தியம் செய்வது எளிதன்று. எங்கே வலிக்கிறது என்று நோயாளி வாய் திறந்து சொல்லப்போவதில்லை. அது காட்டும் அடையாளமோ பல நோய்களுக்குப் பொதுவாக இருக்கும். மஞ்சள் இலையையே எடுத்துக்கொள்வோம். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளித்தால் பெரும்பாலும் மண்ணில் தழைச்சத்துக் குறைவு. நுனியிலுள்ள இளந்தளிர் மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். தொட்டியில் தண்ணீர் தேங்கி, வேர் மூச்சுவிட வழியின்றி அழுகினாலும் இலை மஞ்சளித்துத் தொங்கும். நாமோ தாகம் என்று எண்ணி இன்னொரு செம்பு ஊற்றிக் கொன்றே விடுகிறோம்! இலையைப் பார்த்தவுடன் மருந்தைத் தேடாமல் வேரையும் மண்ணையும் வெயிலையும் பார்க்க வேண்டும் என்பதே இந்த வைத்தியத்தின் அரிச்சுவடி.

அருகிலிருந்த பள்ளி கறுப்பின மாணவர்களைச் சேர்க்கவில்லை. எனவே நியோஷோ என்ற ஊருக்குத் தனியே சென்று, ஒரு கறுப்பினத் தம்பதியர் வீட்டில் வேலை செய்துகொண்டு படித்தான். பிறகு ஊர் ஊராகத் துணி வெளுத்தும் சமைத்தும் பள்ளிப்படிப்பைத் தொடர்ந்தான். கான்சாஸில் ஒரு கல்லூரி கடிதம் மூலம் இடம் தந்தது. நேரில் போய் நின்றபோது நிறத்தைக் கண்டு கதவைச் சாத்தியது. மனம் ஒடிந்து சில ஆண்டுகள் படிப்பையே விட்டிருந்தார். அந்த ஆண்டுகளை நினைத்தால் எங்களுக்கு இன்றும் கோபம் வருகிறது.

1890-ல் ஐயோவா மாநிலத்தின் சிம்சன் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கே அவர் படித்தது ஓவியம். அவர் தீட்டிய செடிகளைக் கண்ட ஓவிய ஆசிரியை எட்டா பட், தாவரவியல் படிக்குமாறு வற்புறுத்தி, தம் தந்தை பேராசிரியராக இருந்த ஏம்ஸ் வேளாண்மைக் கல்லூரிக்கு 1891-ல் அனுப்பிவைத்தார். ஓர் ஆசிரியையின் கண் எவ்வளவு கூர்மை! 1894-ல் இளநிலைப் பட்டமும் 1896-ல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். பேராசிரியர் பேம்மெல் என்பவரிடம் பயின்று, செடிகளுக்கு நோய் தரும் பூஞ்சைகளைத் தேடிப்பிடிப்பதில் வல்லவரானார். சிறுவனாக இருந்தபோது ஊகித்தவற்றை இப்போது நுண்ணோக்கியில் கண்டார்.

அதே 1896-ல் புக்கர் டி. வாஷிங்டனின் அழைப்பை ஏற்று அலபாமாவின் டஸ்கீஜி கல்விக்கூடத்துக்கு வந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த நோயாளி ஒரு செடியல்ல. நாடளவு பரந்த நிலம். ஆண்டுதோறும் பருத்தியையே விதைத்து விதைத்து மண் சத்திழந்து கிடந்தது. அதை உழுத ஏழைக் கறுப்பினக் குடியானவர்களோ கடனில் மூழ்கியிருந்தனர். விலை கொடுத்து உரம் வாங்க வழியில்லை. கார்வர் காட்டுச் சருகையும் சதுப்பு மண்ணையும் மட்கவைத்து இடச் சொன்னார். பருத்திக்கு மாற்றாகத் தட்டைப்பயறும் நிலக்கடலையும் போடச் சொன்னார். இவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தரும். தழையை மடக்கி உழுதால் அது மண்ணுக்கும் சேரும் என்பதை நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். கல்லூரிக்கு வர இயலாதவர்களிடம் கல்லூரியே போகட்டும் என்று 1906-ல் கருவிகளும் விதைகளும் ஏற்றிய ஒரு குதிரை வண்டி கிராமங்களுக்குப் புறப்பட்டது.

விளைந்த கடலையை என்ன செய்வது? 1916-ல் அவர் வெளியிட்ட சிறு நூல் கடலையில் செய்யத்தக்க 105 பண்டங்களைச் சொல்கிறது. வேர்க்கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் இவரே என்று பலர் நம்புவது மட்டும் சரியன்று. அவருக்கு முன்பே அது இருந்தது. கடலையால் வந்த புகழ் அவருடைய உண்மையான கலையை மறைத்துவிட்டதோ என்று நமக்குத் தோன்றுகிறது. ஏனெனில் செடியின் நோயைக் காண்பதை அவர் முதுமையிலும் விடவில்லை. சட்டையில் ஒரு பூவைச் செருகிக்கொண்டு, விடியுமுன் காட்டில் உலவி, நோயுற்ற இலைகளைச் சேகரித்துவருவார். 1935-ல் அமெரிக்க வேளாண்மைத் துறை தனது தாவர நோய்க் கணக்கெடுப்பில் அவரைச் சேர்த்துக்கொண்டது. வெள்ளி மேப்பிள் மரத்தைத் தாக்கும் ஒரு பூஞ்சைக்கு டாஃப்ரினா கார்வெரி என்று பெயர். நோய்க்குத் தம் பெயரா என்று வேறொருவர் வருந்தியிருப்பார். இவருக்கு அது ஏற்ற மரியாதைதான்.

மணம் செய்துகொள்ளாமல் வாழ்ந்த அவர், சேமித்த பணத்தை டஸ்கீஜியின் ஆராய்ச்சிக்கே விட்டுவிட்டு, 1943 ஜனவரி 5 அன்று காலமானார். அவ்வாண்டே, அவர் பிறந்த பண்ணையைத் தேசிய நினைவிடமாக்க அமெரிக்க அரசு சட்டம் இயற்றியது. யாருக்கும் தெரியாமல் சிறுவன் ஜார்ஜ் பூச்செடி வளர்த்த அந்தக் காட்டு வழியில் இன்று பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக நடந்து போகிறார்கள்.