வித்தின் செவிலியைக் கண்ட நோயெல் பெர்னார்

மலரை விரும்பாத மாந்தர் இலர். மலர்களுள் ஆர்க்கிடு என்னும் இனத்தின் அழகிற்கு ஈடாவன மிகச் சிலவே. வெப்ப நாட்டுக் காடுகளில் மரக்கிளைகளைப் பற்றி வளரும் ஆர்க்கிடுகளை 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் செல்வர் பெரும்பொருள் கொடுத்து வாங்கினர். வித்திட்டு வளர்ப்பதோ அரிதாயிருந்தது. ஒரு காயினுள் பல்லாயிரம் வித்துக்கள் இருப்பினும், அவை துகள்போல் நுண்ணியன. நெல்லிலும் அவரையிலும் உள்ளதுபோல் முளைக்கு வேண்டும் உணவு அவற்றினுள் இல்லை. தாய்ச்செடியின் அடியில் தூவினாற் சிற்சில முளைக்கும் என்பதைத் தோட்டக்காரர் பழக்கத்தால் அறிந்திருந்தனர், காரணம் அறிந்திலர். அக்காரணத்தைக் கண்டு உலகிற்கு உரைத்தவர் நோயெல் பெர்னார் என்னும் பிரெஞ்சு அறிஞர். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

பெர்னார் 1874-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 13-ஆம் நாள் பாரிசு மாநகரிற் பிறந்தார். அந்நகரின் புகழ்வாய்ந்த எக்கோல் நார்மால் கல்லூரியிற் பயின்றார். 1899-இல் மெலூன் நகரிற் படைப்பணி புரிந்து வந்தபொழுது, அருகிருந்த பொந்தேன்புளோக் காட்டிற்குச் சென்றார். பறவைக்கூட்டு ஆர்க்கிடு என்பதொரு செடி அங்கு உண்டு. அதற்குப் பசிய இலை இல்லை. வேர்கள் கூடுபோற் பின்னிக் கிடக்கும். அதன் பழைய காய்த்தண்டு ஒன்று சருகின்கீழ்ப் புதைந்திருக்கக் கண்டார். காய்களினுள்ளே வித்துக்கள் முளைத்திருந்தன. நுண்ணோக்கியால் ஆராய்ந்தபொழுது, முளைத்தன அனைத்தினும் ஒருவகைப் பூஞ்சணம் புகுந்திருத்தல் புலனாயிற்று. ஆர்க்கிடு வேர்களிற் பூஞ்சணம் உண்டென்பதை முன்னரே சிலர் அறிவர்; வித்து முளைத்தற்கே அஃது இன்றியமையாதது என்று கண்டவர் இவரே.

நம் இலக்கியங்களில் நற்றாயும் செவிலியும் வேறுவேறாவர். ஆர்க்கிடின் நற்றாய் தன் மகவிற்குக் கட்டுச்சோறு தந்து விடுப்பதில்லை. நோயென்று நாம் வெறுக்கும் பூஞ்சணமே செவிலியாகி ஊட்டுகின்றது.

கண்டதனோடு பெர்னார் அமைந்தாரல்லர். வேரினின்று பூஞ்சணத்தைப் பிரித்தெடுத்துத் தூய கண்ணாடிக் குழாய்களில் வளர்த்தார். கேட்லியா, பெலனாப்சிசு முதலிய வெப்ப நாட்டு ஆர்க்கிடுகளின் வித்துக்களை அதனோடு சேர்த்தார். பூஞ்சணம் பெறாதன சிறிது பருத்து நின்றுவிட்டன. தக்க பூஞ்சணம் பெற்றன நாற்றாயின. சில குழாய்களிற் பூஞ்சணம் மிஞ்சி முளையைக் கொன்றது. சிலவற்றில் முளை பூஞ்சணத்தைச் செரித்துத் தான் வளராது நின்றது. இரண்டும் ஒன்றையொன்று அடக்கி நிற்கும் நிலையிலேயே செடி வளர்ந்தது. ஆதலின், நட்பிற்கும் நோய்க்கும் இடைப்பட்ட எல்லை மிக மெல்லியது என அவர் தெளிந்தார். செறிந்த உணவுக் கரைசலிற் பூஞ்சணமின்றியும் சில வித்துக்கள் முளைத்தலையும் கண்டு, 1909-இல் தம் ஆராய்ச்சிகளைத் தொகுத்து வெளியிட்டார்.

கான் நகரிலும் பின்னர்ப் புவாத்தியே பல்கலைக்கழகத்திலும் அவர் ஆசிரியராய் விளங்கினார். புவாத்தியேக்கு அண்மையில் மோரோக் என்னுமிடத்தில் ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் அமைத்தார். அந்தோ! எலும்புருக்கி நோய் அவரைப் பற்றிக்கொண்டது. நுண்ணுயிர்க்கும் உடலுக்கும் இடையே நிகழும் போரை ஆராய்ந்த அறிஞர், அத்தகைய போரிலேயே தோற்றார். 1911-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள் மோரோக்கிலேயே உயிர் நீத்தார். அப்பொழுது அவர்க்கு அகவை 36.

அவர் தொட்டு விட்ட பணியை அமெரிக்க அறிஞர் லூயிசு நட்சன் தொடர்ந்தார். சருக்கரையும் உப்புக்களும் கலந்த கூழில் ஆர்க்கிடு வித்துக்கள் பூஞ்சணமின்றி முளைக்குமென 1922-இல் அவர் நிறுவினார். அதன்பின் செல்வர்க்கே உரியதாயிருந்த மலர் எளியோர் இல்லத்தையும் எட்டியது. எனினும் காட்டிற் பிறக்கும் ஒவ்வோர் ஆர்க்கிடும் பெர்னார் கண்ட செவிலியை நாடியே வளர்கின்றது.

நீண்ட வாணாள் வேண்டுமென நாம் இறைவனை வேண்டுகின்றோம். பெர்னாருக்கோ ஆராய்ச்சிக்கெனக் கிட்டியவை ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளே. பிறர் மிதித்துச் செல்லும் சருகைக் குனிந்து நோக்கியமையால் அவர் பெயர் நின்றது. நமக்கு அளிக்கப்பெற்ற நாள்களை நாம் எங்ஙனம் செலவிடுகின்றோம் என எண்ணிப் பார்ப்போமாக.